நாற்பத்தேழாவது கேள்வி

ஹலோ... ஹலோ... ஆங், சேட்ஜி! அப்பாடா, எடுத்தீங்களே. காலையிலேருந்து பதினாலு தடவை அடிச்சேன்... நான்தான், ஹர்லால். உங்க கோச்சிங் சென்டர்ல ரீசனிங்கும் கம்ப்யூட்டரும் எடுக்கற ஹர்லால்... இல்ல, இது பக்கத்து வீட்டுக்காரன் போன். என்னோடத அணைச்சுட்டேன். நீங்கதான சொல்லி அனுப்பினீங்க?... ஆமா, ஆமா, மொட்டை மாடியில நிக்கறேன். யாரும் இல்ல. விம்லா கீழ இருக்கா.

பேப்பர் பாத்தீங்களா?... முதல் பக்கம் சேட்ஜி! எழுத்தர் தேர்வுல நூத்திப் பன்னெண்டு பேர், நாப்பத்தேழாவது கேள்விக்கு ஒரே தப்பான பதில். முழுத் தாள்ல ரீசனிங் பகுதி மட்டும் நாப்பது கேள்வி, அதுல முப்பத்தொம்பதும் சரி. அது ஒண்ணு மட்டும் எல்லாருக்கும் தப்பு. எல்லாரும் நம்ம சீகர் ஊர்க்காரங்க... கத்தாதீங்க... சரி... சரி சேட்ஜி... ஆமா, நீங்க அவங்களுக்கு வித்த விடைக் கீ எழுதினது நான்தான். இல்லேன்னு சொல்லல.

ஆனா முழுசா என் தப்பும் இல்ல. அச்சகத்துல வேலை பாக்கற நம்ம ஆளு தன்னா, கேள்வித்தாள எடுத்த போட்டோ அப்படி. அந்தக் கேள்வியில மேல் வரி மேல அவன் கட்டை விரல் கிடக்கு... பாத்தேன், பாக்காம என்ன? நீங்க பக்கத்துல உக்காந்து வாட்சையே பாத்துக்கிட்டிருந்தீங்க. ஒரு மணி நேரத்துல நாப்பது கணக்கு. எப்பவும் வர்ற மாதிரிதான் இருக்கும்னு போட்டுட்டேன்... ஆமாய்யா, பதினோரு வருஷமா பாடம் எடுக்கறேன். ஆமா, போர்டுல என் படம் உங்க படத்த விடப் பெருசு. இப்ப அதையெல்லாம் ஏன் இழுக்கறீங்க?

அத விடுங்க. தன்னா எங்க?... உங்களுக்குத் தெரியாதா? அவன் பொண்டாட்டி நேத்து வீட்டு வாசல்ல வந்து அழுதுட்டுப் போனா. செவ்வாக்கிழமை யாரோ வந்து ஜீப்புல ஏத்திக்கிட்டுப் போனாங்களாம். வரவே இல்ல. அவன் பைக் மட்டும் நெடுஞ்சாலை டாபா வாசல்ல நிக்குதாம்... ஊருக்குப் போயிருப்பானா? பைக்க விட்டுட்டா?... சரி, நீங்க சொன்னா சரி.

போட்டோவா? அழிச்சுட்டீங்களா... சேட்ஜி, இந்தப் பாடத்த நான் வாரத்துக்கு ரெண்டு பேட்ச்சுக்கு எடுக்கறேன். போன்ல அழிச்சா அழியாது. பட்டியல்லேருந்து பேரத்தான் எடுக்கும். சமாச்சாரம் உள்ள அப்படியேதான் கிடக்கும், அது மேல வேற எதையாவது எழுதற வரைக்கும். போலீஸ்காரன் ஒரு மணி நேரத்துல எடுத்துடுவான்... இல்ல, பயமுறுத்தல. பாடத்த சொன்னேன்.

நான் போன் பண்ணினது அதுக்கில்ல. எப்படிச் சொல்றது... அந்த நூத்திப் பன்னெண்டுல விம்லாவும் ஒருத்தி.

...

ஆமா. என் பொண்டாட்டி விம்லாதான்... திட்டுங்க. நல்லாத் திட்டுங்க... அவளுக்கு இதுதான் கடைசி தடவை சேட்ஜி! அடுத்த தேர்வுக்கு வயசு தாண்டிடும். ஆறு வருஷமா ரொட்டி தட்டிக்கிட்டே படிச்சவ. மாவு ஒட்டாத நோட்டு ஒண்ணு கூடக் கிடையாது. கையில கேள்வியெல்லாம் இருக்கறப்ப நான் எப்படிச் சும்மா இருப்பேன்? மாதிரிக் கேள்வின்னு சொல்லி ரெண்டு நாள்ல நாப்பதையும் போட வெச்சேன்... நான் அவகிட்ட உண்மைய சொல்லல. சத்தியமா சொல்லல. பரீட்சையில அதே கேள்வி வந்ததும், பாத்த கேள்விதானேன்னு படிக்காமலே குறிச்சுட்டா. தெரிஞ்ச கேள்வியில நேரத்த வீணாக்காதன்னு பாழாப்போன நான்தான் பழக்கினேன்.

திரும்பி வந்து கேட்டா. நாப்பதும் எப்படி வந்துச்சுன்னு. அனுபவம், குத்துமதிப்பா சொன்னேன்னு சொன்னேன். என் மூஞ்சியையே பாத்துட்டு உள்ள போயிட்டா. அன்னிக்கு ஒரு வாய் சாப்பிடல.

இப்ப நோட்டீஸ் வந்திருக்கு. நாளைக்குப் பதினோரு மணிக்கு ஜெய்ப்பூர்ல விசாரணை. ஒழுங்கா பதில் சொல்லலேன்னா ஆயுசுக்கும் எந்தத் தேர்வும் எழுத முடியாது. கேசும் உண்டு... ஆங்? என்ன சொல்லுவாளா? என்ன சொல்லுவா, நடந்ததத்தான் சொல்லுவா. என் வீட்டுக்காரர் போட வெச்சார்னு. பொய் சொல்லுன்னாலும் அவளுக்கு வராது... நான் பேசிப் பாத்துட்டேன். முடியாதுன்னுட்டா... இல்ல இல்ல, உங்க பேர்... உங்க பேர் அவளுக்குத் தெரியும் சேட்ஜி. நீங்க வீட்டுக்கு வந்தப்ப டீ கொண்டு வந்தாளே. போட்டோவையும் அப்பப் பாத்திருப்பா போல. இப்பத்தான் எல்லாத்தையும் கோத்துப் பாத்திருக்கா.

அதனால நான் சொல்றத கேளுங்க. நானே போயி ஒத்துக்கறேன். கீ எழுதினது நான், இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு. உங்க பேர நான் இழுக்க மாட்டேன். அவ பேர மட்டும்...

என்ன விம்லா?... பால் வாங்கவா? பால் தூக்கு அங்கதான் இருக்கு, ஜன்னல் கிட்ட. போயிட்டு சீக்கிரம் வா!... ஒண்ணுமில்ல சேட்ஜி, அவதான். பால் வாங்கப் போறா... ஆமா, தெருக்கோடி டெய்ரி. தெனம் நாலு மணிக்கு... ஆங், தனியாத்தான். ஏன்?

... லைன்லயா? சரி. இருக்கேன்.

...

... ஹலோ? இருக்கேன், இருக்கேன். யாருக்கோ போன் பண்ணினீங்களா?... சரி. சரி சேட்ஜி. அப்பாடா, இப்படி நிதானமா பேசினா எவ்வளவு நல்லா இருக்கு! ஆமா, பேசித் தீத்துக்கலாம். அதத்தான் நானும் சொல்றேன்.

கேள்வியா? இப்ப எதுக்கு?... விளக்கமா சொல்லணுமா? நீங்க எந்தக் காலத்துல ரீசனிங் கேட்டீங்க?... சரி, நேரம் இருக்குன்னா சொல்றேன். ஒரு வட்ட மேசை. சுத்தி ஆறு பேர். யாருக்கு யார் பக்கத்துலன்னு வரிசையா குறிப்பு வரும். கடைசியில, அதுல தேவ்ங்கறவனுக்கு இடது பக்கம் ரெண்டாவது யாருன்னு கேட்டிருந்தான். அவ்வளவுதான், எட்டாங்கிளாஸ் பையன் போடுவான். ஆனா அந்த மேல் வரி இருக்கே, தன்னாவோட விரல் மறைச்ச வரி... அஞ்சு பேரு மேசையப் பாத்து உக்காந்திருக்காங்க, தேவ் மட்டும் வெளிய பாத்து உக்காந்திருக்கான்னு அதுல இருந்துச்சாம். வெளிய பாத்து உக்காந்தா அவனுக்கு இடது வலது மாறிடும்ல? நான் எல்லாரும் உள்ளதான் பாக்கறாங்கன்னு நெனச்சுட்டேன்... ஆமா. பசங்க கிட்ட முதல் கிளாஸ்லயே சொல்றதுதான். ஆள எண்ணறதுக்கு முன்னாடி எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்கான்னு பாருடான்னு. நானே பாக்கல.

சிரிக்காதீங்க... என்ன புதுசா இன்னிக்கு இவ்வளவு பொறுமையா கேக்கறீங்க?

... சேட்ஜி. ஒரு நிமிஷம். தெருவுல ஒரு வெள்ளை ஜீப் வந்து நிக்குது... நம்பர் பிளேட் மேல சாக்கு தொங்குது. உள்ள ரெண்டு பேர்... நீங்க அனுப்பினதா? உண்மைய சொல்லுங்க. தன்னாவையும் ஜீப்புலதான ஏத்தினாங்க?... நான் கீழ வர மாட்டேன். கேட்டுக்கோங்க. மாடிக் கதவ இந்தப் பக்கம் தாப்பாள் போட்டாச்சு. கூப்பாடு போட்டா தெருவே திரண்டு வரும். என்னத் தூக்கிட்டுப் போயிடலாம்னு நெனச்சீங்கன்னா...

என்ன?... என்ன கேட்டீங்க?... எந்தப் பக்கம் பாத்து நிக்குதா? எதுக்கு... எங்க வீட்டப் பாத்துதான்... இல்ல.

இல்ல. டெய்ரியப் பாத்து நிக்குது.

விம்லா!... விம்லா, ஏய் விம்லா! ஏறாத! இங்க பாரு, மேல பாரு! விம்லா!... சேட்ஜி, வேண்டாம், அவகிட்ட ஏதோ சொல்றான். வீட்டப் பாத்துக் கை காட்டறான். நான் கூப்பிட்டேன்னு சொல்றானா? என் பேரயா சொல்றான்?... விம்லா! பொய்டி! ஏறாத!... கேக்கல. டெய்ரி மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்காது அங்க. சேட்ஜி, கால்ல விழறேன். பால் தூக்கக் கீழ வெக்கறா. ஏறப் போறா. சொல்லுங்க அவனுககிட்ட, விட்டுடச் சொல்லுங்க! நான் போக மாட்டேன் ஜெய்ப்பூருக்கு. அவளும் போக மாட்டா. யாரும் எதுவும் சொல்ல மாட்டோம்...

கதவ மூடிட்டான். மூடிட்டான் சேட்ஜி. தூக்கு தெருவுல கிடக்கு...

அவளுக்கு ஒண்ணும் தெரியாது! உங்க பேரு தெரியாது, போட்டோவையும் பாக்கல. நான் தப்பா சொல்லிட்டேன். பயத்துல வாய்க்கு வந்தத உளறிட்டேன். அதெல்லாம் நான் சொல்லவே இல்லேன்னு வெச்சுக்கோங்க. அழிச்சுடுங்க சேட்ஜி, நான் சொன்னத மனசுலேருந்து அழிச்சுடுங்க...

... என்ன?

... ஆமா. நான்தான் சொன்னேன். அழிச்சா அழியாதுன்னு நான்தான்... சேட்ஜி? ஹலோ?... ஹலோ?