மல்யுத்த வீரரும் மகனின் சாதகமும்

நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பேருந்தில், எனக்கு முன் ஆசனத்தில் நடுவயதினர் இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் கலியாணத் தரகர். மற்றவர் தம் மகனுக்குப் பெண் தேடும் தந்தை. தந்தை கூறிய வாக்கியமொன்று என்னைச் செவிசாய்க்க வைத்தது.

"மகன்ரை அறையிலை ஒரு றெஸ்லிங்காரன்ரை படம் தொங்குது. அவனுக்குப் புருசன் இருக்காம்."

"பொம்பிளையோ?"

"இல்லை மச்சான். தாடி வைச்ச ஆம்பிளை."

"கிழிச்செறியாமல் என்ன செய்தனி?"

"கிழிக்கத்தான் போனனான். 'அப்பா, நானும் உவரைப் போலத்தான். உவரைப் பாத்த பிறகுதான் உயிரோடை இருக்கலாம் எண்டு நினைச்சனான்' எண்டான். கை வரேல்லை."

"றெஸ்லிங் முழுக்க நடிப்பு. ஆர் வெல்லுறது எண்டு முதலே முடிவு செய்துபோட்டுத்தான் மேடை ஏறுவாங்கள்."

"ஓம். நீ செய்துவைச்ச கலியாணங்கள் மாதிரி."

தரகர் மடியிலிருந்த பையை இழுத்து வைத்துக்கொண்டார்.

"இப்ப என்ன செய்யச் சொல்லுறாய்?"

"அவன்ரை சாதகத்தைத் திருப்பித் தா."

தரகர் பையைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

"பொருத்தம் பாக்கச் சாதகம் கேட்ட கனடாப் பொம்பிளை பகுதிக்கு நான் என்னத்தைச் சொல்ல?"

"செவ்வாயிலை பழியைப் போடு. கிரகம் சரியில்லை எண்டால் எங்கடை சனம் ஒரு கேள்வியும் கேளாது."