காணப்படுகிறது

முதலாமாண்டு மாணவர்களுக்குத் திரைப்பட ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லிக்கொடுப்பவன் தலைவலி மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். படத்தைப் பற்றி எழுது என்றால் கதையை எழுதிக்கொண்டு வருவார்கள். பாதிப் பேர் படத்தையே பார்த்திருக்க மாட்டார்கள். தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் பயனில்லை. எனக்கு அலுத்துவிட்டது, ஐயா.

தையல்காரர் மகளும் முதலில் அப்படித்தான் வந்தாள். கட்டணச் சலுகையில் படிப்பவள். வரிக்கு வரி 'நான் பார்த்தேன்', 'நான் நினைக்கிறேன்'. ஆய்வுக் கட்டுரையில் 'நான்' வரக்கூடாது, 'காணப்படுகிறது' என்று எழுத வேண்டும் என்று சிவப்பு மையால் அடித்துக் கொடுத்தேன்.

"யாரு சார் காணுறது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வரைவில், படத்தில் வரும் அம்மா கடைசிவரை ஒருமுறைகூட உட்காரவில்லை என்று எழுதியிருந்தாள். வருடக்கணக்காக அந்தப் படத்தைப் பாடம் நடத்துகிறேன், அது என் கண்ணில் பட்டதே இல்லை. வீட்டுக்குப் போய் மறுபடி போட்டுப் பார்த்தேன். அவள் எழுதியது சரி. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

திருத்தும்போது ஒரு வரி சேர்த்தேன்: 'இறுதிக் காட்சியில் தாய் நாற்காலியில் அமர்வது காணப்படுகிறது.'

தாளை எடுத்துக்கொண்டு திரும்ப வந்தாள்.

"சார், நான் அப்படி ஒண்ணும் பாக்கலையே?"

"நல்லாப் பாரும்மா. எத்தனை வருஷமா நடத்துறேன், எனக்குத் தெரியாதா?"

"நீங்க சொன்னா சரியாத்தான் சார் இருக்கும்."

முடிவுரையையும் அதற்கேற்ப மாற்றிக் கட்டுரையைக் கொடுத்தாள். வெளித் தேர்வாளர் கவனிக்காமல் விட்டுவிடக் கூடாதே என்று, அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டு அனுப்பினேன். இல்லாத காட்சியை இட்டுக்கட்டியதாக அவள் மேல் விசாரணை வந்தது. விசாரித்த மூவரில் நானும் ஒருவன். அந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்று கேட்டதும் நான்தான்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "நான்தான் சார் தப்பாப் பாத்துட்டேன்" என்றாள்.

அங்கே மட்டும் அவளுடைய 'நானை' நான் அடிக்கவில்லை. அவளை நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட்டேன். இப்போது அப்பா கடையில் பித்தான் தைக்கிறாளாம். பாவம், கொஞ்சம் எதிர்த்துப் பேசியிருக்கலாம். மாணவர்களுக்கு அந்தத் துணிச்சலை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்த வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு சின்னத் திருத்தம், ஐயா. 'அந்த வரியை நான் சேர்த்தேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'சேர்க்கப்பட்டது' என்று மாற்றிவிடுங்கள். எழுத்தில் அதுதான் முறை.