ஏழாவது வரிசை ஓரத்து சீட்டு

அதத் தொடாத. ஏழாவது வரிசை, ஓரத்து சீட்டு. மத்ததெல்லாம் கழட்டு, எனக்கென்ன. அத மட்டும் கடைசியில வெச்சுக்க.

ஏனா? போல்ட்டு துருப்பிடிச்சுப் போச்சு. ஸ்பேனர் வழுக்கும். சொன்னாக் கேளு.

நான் இந்த அரங்கத்துக்குக் கார்பெண்டர். இருந்தேன். இப்ப ரிட்டயர். இங்க இருக்கற நானூறு சீட்டும் என் கையால முடுக்குனது. கழட்டறத வந்து நின்னு பாக்கணும்னு தலையெழுத்தா என்ன. வந்துட்டேன். வீட்டுல உக்காந்து என்னத்தக் கிழிக்கிறேன்.

வாசல்ல பெரியவர் பேர எடுத்துட்டாங்க, பாத்தியா? யுனிவர்சிட்டிக்கு இத மொத்தமாக் கட்டிக் குடுத்த மனுஷன். போயி ரெண்டு வருஷம் ஆகல. அதுக்குள்ள வேற ஒருத்தர், புதுப்பிச்சுத் தர்றேன், எம் பேரப் போடுங்கன்னு. போட்டுக்கட்டும். ஆனா எழுத்து இருந்த எடத்துல மட்டும் பெயிண்ட்டு மங்கல. தூரத்துல நின்னா இப்பவும் படிக்கலாம்.

பாத்திருக்கேனாவா? நல்லாக் கேட்ட போ. ஒவ்வொரு நாடகத்துக்கும் வருவார். கவுண்ட்டர்ல பசங்களோட பசங்களா வரிசையில நின்னு டிக்கெட் எடுப்பார். ஒருநாள் டிக்கெட்ட வீட்டுல விட்டுட்டு வந்துட்டார். புது வாட்ச்மேன் உள்ள விடமாட்டேன்னுட்டான். பேரு வாசலுக்கு மேல, ஆளு வாசலுக்கு வெளிய. கோச்சுக்கவே இல்ல. திரும்பப் போய் வரிசையில நின்னார்.

முன் வரிசையில உக்கார மாட்டார். இங்கதான். ஓரத்து சீட்டுக்கு அடுத்த சீட்டு. ஆமா, இப்ப நீ கால வெச்சிருக்கியே, அதேதான். கால எடு.

ஓரத்து சீட்டுக்கும் சேத்து டிக்கெட் எடுத்துருவார். அதுமேல குறுக்கால கைத்தடியப் போட்டுருவார். துணைவேந்தரே ஒருதரம் உக்காரப் பாத்தாரு. ஆள் வருதுங்க, மன்னிக்கணும்னார். எந்த ஆளும் வரல. பதினாறு வருஷம் இதே கதை. செத்துப்போன சம்சாரத்துக்குப் போட்டு வெக்கிறார்னு சிலபேர். மறை கழண்டு போச்சுன்னு சிலபேர். நான் வாயத் தொறக்கல.

எனக்குத் தெரியும்ப்பா. தெரியாம என்ன.

எம் பொண்ணு இங்கதான் படிச்சா. ஒரே பொண்ணு. அவங்கம்மா முன்னாடியே போயிட்டா. கணக்குப் படின்னு சேத்து விட்டா, பாதியில நாடகத்துக்கு மாறிட்டா. எங்கிட்டக் கேக்காம. எனக்கு வந்துச்சே கோவம். வேஷங்கட்டவா உன்ன வளத்தேன்னேன். வீட்டுல இருக்கறது ரெண்டு பேரு. ரெண்டு மாசம் பேச்சு இல்ல. தட்ட வெப்பா, திம்பேன், எந்திரிச்சுப் போயிருவேன்.

மொத நாடகம். அதுக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் நான்தான் செஞ்சு குடுத்தேன். அவ அந்தக் கதவத் தொறந்துக்கிட்டு வரணும். அன்னிக்குக் காலையில டூல்ஸ் பெட்டியத் தொறக்கறேன், அளவு டேப்புக்கு அடியில டிக்கெட்டு. ஒண்ணே ஒண்ணு. வேற யாருக்கு எடுப்பா?

எம் பட்டறை இந்த மேடைக்குப் பின்னால. அங்க வேல பாக்கற பெஞ்சு ஒண்ணு, ஒரு கால் ஆடும். டிக்கெட்ட நாலா மடிச்சு, அந்தக் காலுக்கு அண்டக் குடுத்துட்டேன். ஆட்டம் நின்னுச்சு. நின்னு பலகை எழைச்சுக்கிட்டு இருந்தேன். கைதட்டுன சத்தம் செவுத்துல கேட்டுச்சு. ரொம்ப நேரம் கேட்டுச்சு.

மறு வாரம் அவளுக்குக் காய்ச்சல். நாலே நாள்.

வேண்டாம், தண்ணியெல்லாம் வேண்டாம். நீ வேலையப் பாரு.

பெரியவர் பட்டறைக்கே துக்கம் கேக்க வந்தார். அன்னிக்கு என் பக்கத்து சீட்டு காலிப்பா, உம் பொண்ணு கடைசியில அந்தக் காலி சீட்டப் பாத்துத்தான் கும்பிட்டுது, யாருக்குன்னு தெரியலயேன்னார். என் கண்ணு பெஞ்சுக் காலுக்குப் போயிருச்சு. அவரும் பாத்தார். குனிஞ்சு பாத்தார். நிமிந்தவர் என் தோளத் தொட்டுட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம் அதப் பத்தி ஒரு வார்த்த கேட்டதில்ல. அடுத்த நாடகத்துலேருந்து கைத்தடி.

வந்து உக்காருவேன்னு பாத்திருப்பார். ஒவ்வொரு தரமும் இந்த அரங்கத்துக் கதவோரம் வரைக்கும் வருவேன். திரும்பிருவேன். அவரு போற வரைக்கும் எடம் போட்டு வெச்சுட்டுத்தான் போனார்.

பெஞ்சு அங்கதான் கெடக்கு. இன்னும் ஆடல.

என்ன, முடிஞ்சுதா? எல்லாம் லாரியில ஏத்தியாச்சா? இது ஒண்ணுதான் பாக்கியா?

துருவெல்லாம் ஒண்ணும் இல்ல. சும்மா சொன்னேன். வருஷா வருஷம் நான்தான எண்ணெய் விட்டேன். கை வெச்சாக் கழண்டு வந்துரும்.

ஸ்பேனரக் கீழ வை. ஒரு நிமிஷம். அந்த மேடை லைட்ட மட்டும் போடு.

ம். நல்ல சீட்டாத்தான் பாத்து எடுத்திருக்கா.

கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. மேடை மறைக்குது.