அத்தையின் பெயரில் ஓர் அரங்கம்

உங்கள் வாசலில் ஒட்டியிருக்கும் ரத்ததான முகாம் அறிவிப்பை முதலில் கிழித்துவிடச் சொல்லுங்கள், ஐயா. முகாம் போன மாதமே முடிந்துவிட்டது. நாள் கடந்த செய்தி சுவரில் தொங்குவதைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். தொழில் அப்படி. பல்கலைக்கழகத்தின் செய்திப் பிரிவில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்துவிட்டேன். இப்போது அதற்குப் பொறுப்பாளரும் நான்தான். நேற்றுவரை நான்தான் என்று சொல்ல வேண்டும்.

தேநீருக்கு நன்றி. எழுதிக்கொள்பவர் அவசரப்பட வேண்டாம். நான் நிதானமாகவே சொல்கிறேன். பிறகு அடித்துத் திருத்தும்படி எதையும் சொல்ல மாட்டேன்.

எங்கள் வேலையை வெளியில் இருப்பவர்கள் தப்பாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். விழா நடக்கும், நாங்கள் போய்ப் பார்ப்போம், வந்து எழுதுவோம் என்று. அப்படி எழுதினால் எந்தப் பத்திரிகையும் போடாது. எங்களுடையது பெரிய பல்கலைக்கழகம். பட்டமளிப்பு, விளையாட்டு விழா, யாரோ ஒருவருக்கு விருது, எங்கோ ஓர் ஆய்வுக்கூடத் திறப்பு என்று விழா இல்லாத வாரம் கிடையாது. அதனால் முந்தின நாளே எழுதி முடித்துவிடுவோம். 'கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று' என்று நான் இன்றைக்கு எழுதுவேன், நாளைக்குக் கைதட்டுவார்கள். இதில் பொய் எதுவும் இல்லை. செய்தி கொஞ்சம் முன்னால் போகிறது, நிகழ்ச்சி பின்னால் வருகிறது, அவ்வளவுதான்.

நிகழ்ச்சி சில நேரம் சண்டித்தனம் செய்யும். ஒருமுறை துணைவேந்தர் மரக்கன்று நட்டார் என்று எழுதி அனுப்பிவிட்டேன். விழாவன்று பார்த்தால் கன்று வாங்க எல்லோரும் மறந்திருக்கிறார்கள். வேறொருவராக இருந்தால் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லிப் பத்திரிகைகளுக்கு போன் போட்டிருப்பார். நான் தோட்டக்காரரைப் பிடித்து, நூலகத்துக்குப் பின்னால் வேர்விட்டு நின்ற ஒரு கன்றைப் பிடுங்கிவரச் சொன்னேன். துணைவேந்தர் நட்டார். பிறகு அது பட்டுப்போயிற்று. ஆனால் செய்தி சரியாக இருந்தது.

இன்னொரு முறை, ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மேடையேறி மாணவர்களை வாழ்த்தியதாக எழுதியிருந்தேன். அவர் வீட்டில் காய்ச்சலில் கிடந்தார். நானே வண்டி எடுத்துப் போய் எழுப்பி உட்காரவைத்துக் கூட்டிவந்தேன். மேடையில் கொஞ்சம் நடுங்கினார். படத்தில் அது நெகிழ்ந்து நிற்பதுபோல வந்திருந்தது. இத்தனை வருடத்தில் 'நேற்றைய செய்தியில் தவறு, வருந்துகிறோம்' என்று என் கையால் ஒரு தடவைகூட எழுதியதில்லை. எனக்கு அதில் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

இனி அத்தையைப் பற்றிச் சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவின் அக்கா. பெற்றவர்கள் போன பிறகு என்னை வளர்த்து, படிக்கவைத்து, இந்த வேலைக்கு மனுப் போடச் சொன்னதும் அவர்தான். பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்தவர். மாணவர்கள் அவரைப் பூச்சியம்மா என்பார்கள். அவருக்கும் அது பிடிக்கும். "பேருக்குப் பின்னால போட்டுக்கிற எழுத்தைவிட இது நல்லா இருக்குடா" என்பார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுபெற்ற பிறகும் வளாகத்துக்குள்ளேயே ஒரு சின்ன வீட்டில் இருந்தார்.

அவர் வேலையில் இருந்த காலத்தில் மீசைக்காரர் என்று ஒரு துறைத் தலைவர் இருந்தார். அத்தை கண்டுபிடித்ததையெல்லாம் தன் பெயரில் வெளியிட்டுக்கொண்டவர். அத்தைக்கு ஆய்வுக்கூடச் சாவிகூடக் கொடுக்காமல் பல வருடம் அலையவிட்டவர். செத்துப் பல காலம் ஆகிறது. அத்தை அதையெல்லாம் மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. ராத்திரி சாப்பிடாமல் படுத்துக்கொள்ளும் அத்தையைச் சின்ன வயதில் பார்த்தவன் நான்.

பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு விழாவுக்காகப் புதிதாக ஓர் அரங்கம் கட்டினார்கள். பெயர் வைக்க வேண்டும். எங்களிடம் ஒரு விதி இருக்கிறது: உயிரோடு இருப்பவர் பெயரை எந்தக் கட்டடத்துக்கும் வைக்கக் கூடாது. முன்பு ஒரு துணைவேந்தர் பெயரை வைத்து, அடுத்த வருடமே அவர் ஏதோ முறைகேட்டில் மாட்டி, உளியால் எழுத்தைச் செதுக்கி எடுக்கவேண்டியதாயிற்று. அதிலிருந்துதான் இந்த விதி. செத்தவர்தான் இனிமேல் பெயரைக் கெடுத்துக்கொள்ள மாட்டார் என்ற கணக்கு. எல்லோரும் மீசைக்காரர் பெயரையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அத்தைக்கு நெஞ்சுவலி வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்தார். சொந்தக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று மருத்துவர் என்னிடம் சொன்னார். நான் சொந்தக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்னால் விழாக் குழுவுக்குச் சொன்னேன். அத்தை விழாவரை தாங்க மாட்டார் என்று கூட்டத்தில் எழுந்து நின்று பேசினேன். அழுதேன். அந்த அழுகை நிஜம், ஐயா, அதைச் சந்தேகப்பட வேண்டாம். பதிவாளர் எழுந்துவந்து என் தோளைத் தட்டிக்கொடுத்தார். அத்தை பெயரே இருக்கட்டும் என்று ஒருமனதாக முடிவாயிற்று. பெயர்ப்பலகைக்குச் சொல்லியாயிற்று. விழா மலரில் நான் நாலு பக்கம் எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே நல்ல எழுத்து அதுதான். ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது, அரங்கமே கண்கலங்கியது என்று விழாச் செய்தியையும் எழுதி முடித்தேன்.

அத்தை பிழைத்துக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் கண்ணைத் திறந்து, செவிலியிடம் காப்பி கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் சந்தோஷப்படவில்லை என்று நினைக்காதீர்கள். சந்தோஷப்பட்டேன். ஆனால் மலர் அச்சாகி வந்து என் அறையில் கட்டுக்கட்டாக அடுக்கியிருந்தது.

பதிவாளர் கூப்பிட்டு அனுப்பினார். "அத்தை எழுந்து உக்காந்துட்டாங்களாமே, ரொம்ப சந்தோஷம்" என்றார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஆனா இப்ப என்னப்பா பண்றது? நீ இல்ல அடிச்சுச் சொன்ன" என்றார். மீசைக்காரர் பெயருக்கே மாற்றிவிடலாம், பலகை செய்கிறவர் சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்கிறார் என்றும் சொன்னார். என் நாலு பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்த இடத்தில் மீசைக்காரரைப் பற்றி நானே எழுத வேண்டும். எல்லோருக்கும் ஒரு திருத்தமும் அனுப்ப வேண்டும்.

செய்தி அதற்குள் பரவிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. எங்கள் பிரிவுக்குப் படம் எடுக்கும் தம்பி, சிற்றுண்டிச்சாலையில் எல்லார் முன்னாலும், "அண்ணே, அடுத்து யாரைச் சாகடிக்கப் போறீங்க, முன்னாடியே சொன்னா நல்ல படமா எடுத்து வெச்சிடுவேன்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு அப்படியோர் அவமானம் அதுவரை நேர்ந்ததில்லை.

அத்தையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மலரையும் கொடுத்தேன். என் நாலு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"செத்தப்புறம் நான் இவ்ளோ நல்லவளாயிட்டேனாடா?"

"அத்தை, மீசைக்காரர் பேரை வைக்கப் போறாங்க."

"வைக்கட்டுமே. செத்தவனோட எனக்கென்ன சண்டை? பலகையில பேரு இருந்தா காக்காதான் வந்து உக்காரும். நீ நாளைக்கே போய், எங்கத்தை குத்துக்கல்லாட்டம் இருக்கா, பேரை எடுத்துருங்கன்னு சொல்லிடு. சொல்லுவியா?"

சொல்கிறேன் என்றேன்.

அத்தைக்கு அதன் அருமை தெரியவில்லை. தன்னைப் பற்றி நினைக்கவே தெரியாதவர். எத்தனையோ வருடம் காத்திருந்து ஒரு நியாயம் கைக்கு வந்திருக்கிறது. இன்னும் ஓரிரு வருடமோ, அதற்கும் குறைவோ இருக்கப்போகிறவர் அதைத் தட்டிவிட்டால், மீசைக்காரர் பெயர் அங்கே நூறு வருடம் நிற்கும். அன்று இரவு படுத்துக்கொண்டு நான் யோசித்தது இதைத்தான். என் மலரைப் பற்றி அதிகம் யோசிக்கவில்லை.

மறுநாள் நான் பதிவாளரிடம் போகவில்லை. அத்தையிடம்தான் போனேன். பெயர் இல்லாவிட்டால் போகிறது, அரங்கத்தையாவது வந்து பாருங்கள் என்றேன். உடனே கிளம்பிவிட்டார். வெளியே போய்ப் பல நாளாயிற்று அல்லவா. மாத்திரைக் குப்பியை என் கையில் கொடுத்தார். வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை அது. முன்பு வண்டுகளைப் போட்டுவைத்த சின்னக் கண்ணாடிக் குப்பியில்தான் அதைப் போட்டுவைத்திருப்பார். "என்கிட்ட பை இல்ல, நீ வெச்சுக்க" என்றார். சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

நல்ல மதிய நேரம். வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். உள்ளே புது வண்ணத்தின் வாசனை. நாற்காலிகளின் மேல் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. கீழே நின்று பார்த்துவிட்டு அத்தை, "நல்லா இருக்குடா, போலாமா" என்றார். மேல்மாடத்திலிருந்து பார்த்தால்தான் அழகு என்றேன். மின்தூக்கிக்கு இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை. படி ஏறக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார், என்னிடம்தான் சொல்லியிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். நடுவில் நின்று மூச்சு வாங்கினார். "இன்னும் கொஞ்சம்தான் அத்தை" என்றேன். மாடத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அங்கேயே போய்விட்டார்.

மாத்திரையை வீட்டிலேயே மறந்துவிட்டார், கேட்காமல் படியேறிவிட்டார் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. வயதான உயிர், நோய்ப்பட்ட உடம்பு. பதிவாளர் மறுபடியும் என் தோளைத் தட்டினார். படம் எடுக்கும் தம்பி வந்து, அன்றைக்குப் பேசியதற்காக என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவனைத் தேற்றினேன்.

விழா மிகச் சிறப்பாக நடந்தது. துணைவேந்தர் திரையை விலக்கினார். அத்தையின் பெயர், பித்தளை எழுத்தில், நல்ல பெரிய அளவில். ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நின்றார்கள். முன்வரிசையில் பல பேர் கண்ணைத் துடைத்தார்கள். நான் எழுதிவைத்திருந்த செய்தியில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இருந்த நிம்மதியை உங்களிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சட்டையைத் துவைக்க எடுத்தபோது என் மனைவி குப்பியைப் பார்த்திருக்கிறாள். அதைச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். "வீட்டுல மறந்துட்டாங்கன்னு சொன்னீங்களே" என்றாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு உங்கள் காவல் நிலையத்துக்கு வந்துவிட்டாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. அத்தையென்றால் அவளுக்கும் உயிர்.

மாடத்தில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை நீங்கள் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை.

உட்கார்ந்ததும் அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "குப்பியக் குடுடா" என்றார். நான் கால்சட்டைப் பைகளைத் தடவிப் பார்த்தேன். குனிந்து நாற்காலிக்கு அடியில் பார்த்தேன். "வண்டியிலேயே விட்டுட்டேன் போல இருக்கு அத்தை" என்றேன். குப்பி என் சட்டைப் பையில் இருந்தது. நான் குனிந்தபோது மாத்திரைகள் உருளும் சத்தம் எனக்குக் கேட்டது. அவருக்குக் கேட்டிருக்காது. ஓடிப்போய் எடுத்துவருகிறேன் என்று எழுந்தேன். எழுந்த இடத்திலேயே நின்றேன்.

அத்தை என்னைப் பார்த்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது. நான் பயந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

"பதறாதடா" என்றார். "உன்மேல ஒரு தப்பும் இல்ல. என்னைத் தனியா விட்டுட்டுப் போகாத. இப்படி வந்து என் பக்கத்துல உக்காரு."

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கை தளரும்வரை எழுந்திருக்கவில்லை. அத்தை சொன்ன எதையும் நான் இன்றுவரை தட்டியதில்லை, ஐயா.