ஏகாம்பரத்தின் ஊர்

போன வாரம் காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூருக்கு வந்த பேருந்தில் கேட்டது. எனக்கு முன் இருக்கையில் எங்கள் தெரு ஏகாம்பரம். பக்கவாதம் வந்து பிழைத்த பிறகு அவன் தமிழ் உச்சரிப்பு, வடநாட்டுக்காரர் பேசுவதுபோல் மாறிவிட்டது. பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மாள்.

“நல்லா தமிழ் பேசறியே நைனா. பீகாரா?”

“இல்லம்மா, உத்திரமேரூரு. பொறந்ததே அங்கதான்.”

“எங்கிட்ட இன்னாத்துக்குப் பொய்யி? பொயைக்க வந்த புள்ளய நா இன்னா சொல்லப்போறேன்?”

“வாதம் வந்துச்சும்மா. அப்பறம் பேச்சு இப்டி ஆய்ட்ச்சு.”

“வாதம் வந்தா வாய் கோணிக்கும். ஊரு மாறுமா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஏகாம்பரம் திரும்பி என்னைப் பார்த்தான். “இவன் எங்கள் ஊர்க்காரன்” என்று நான் சொல்லியிருந்தால் போதும். சொன்னால் மீதி வழியெல்லாம் அவனோடு பேச வேண்டியிருக்கும். அந்தப் பேச்சைக் கேட்க எனக்குச் சங்கடம். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“சரிம்மா, பீகாருதான்” என்றான்.

அம்மாளின் குரல் கனிந்துவிட்டது.

“அத்த மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? ஊர்ல யார்லாம் கீறாங்க?”

“யாரும் இல்லம்மா.”