காய்ந்த வைக்கோலுக்கு அடியில்

எங்கள் பக்கத்தில் குதிரையைப் பராமரிப்பதைவிட அது நிற்கிற தரையைப் பராமரிப்பதுதான் பெரிய வேலை, சார்ஜென்ட். நீங்கள் வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். உங்களுக்கு மழை என்றால் குடை, அவ்வளவுதான். எங்களுக்கு மழை என்றால் குளம்பு. மே மாதம் குளிர்காலத்தோடு சேர்ந்து தொடங்கினால் செப்டம்பர் வரை விடாது. மண்ணோ களிமண், ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டினால் மறுநாளும் அங்கேயே நிற்கும். அந்த நான்கைந்து மாதமும் குதிரை லாயத்துக்குள்ளேயே நிற்கிறது, அங்கேயே மூத்திரம் பெய்கிறது. வழிந்து போக வழியில்லை என்றால் அந்த ஈரத்திலேயே நின்று ஊறுகிறது.

ஊறினால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். குளம்புக்கு அடியில் மெத்தென்று ஒரு பகுதி இருக்கிறது. முதலில் அது கறுத்து அழுகும். பிறகு குளம்பின் ஓரச்சுவரே, அதிக நேரம் தண்ணீரில் கிடந்த நம் கைநகம் மாதிரி, இளகிப்போகும். இளகிய குளம்பில் லாடத்தின் ஆணி பிடிக்காது.

அதனால்தான் என் லாயத்தின் தரையை நானே போட்டேன். அடியில் ஆற்றுக் கல், மேலே சரளை, அதற்கு மேலே திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கிய மண். ஒவ்வொரு அறையும் பின்சுவரைப் பார்த்துச் சாயும். சுவரடியில் ஒரு துவாரம், அதற்கு வெளியே வாய்க்கால். ஊரில் பலர் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ரோஸமேல் பார்ரியாவின் நிலம் ஆற்றோரத் தாழ்வு. குளிர்காலத்தில் அங்கே வாத்துதான் வளர்க்கலாம். ஆகவே அவனுடைய பெண்குதிரை முர்தாவும் மழைக்காலம் முழுக்க என் லாயத்தில்தான் நிற்பாள். சிவப்பு நிறம், சின்னத் தலை, யாரையும் கடிக்காத குணம். அவளை ஒரு நாளும் நான் கைநீட்டி அடித்ததில்லை. இதை எழுதிக்கொள்ளுங்கள்.

ரோஸமேலும் நானும் ஜோடி. எங்கள் விளையாட்டில் ஒற்றை ஆள் என்று யாரும் கிடையாது. இரண்டு பேர், இரண்டு குதிரை. ஒருவன் கன்றுக்காளையைப் பின்னாலிருந்து விரட்ட வேண்டும், மற்றவன் பக்கவாட்டில் ஒட்டி ஓடி, குதிரையின் நெஞ்சாலேயே அதைச் சுவரோடு சேர்த்து நிறுத்த வேண்டும். விரட்டுகிறவன் அரை நொடி பிந்தினாலும் மறிக்கிறவன் போச்சு. இருபது வருஷத்துக்கு மேல் அவன் மறித்தான், நான் விரட்டினேன். "ஒட்டு, ஒட்டு, இப்போ" என்று நான் கத்துவேன். அந்த "இப்போ"வில் அவன் திருப்புவான். என் பெண்டாட்டி என்னை விட்டுப் போனபோது நான் ஒரு வாரம் குடித்தேன், பிறகு மறந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை ரோஸமேல் வருவான் என்று தெரிந்தால் போதும் எனக்கு. அவன் மகள் யஸ்னாவுக்கு ஞானத்தகப்பன் நான்தான். அந்த ஞானஸ்நானத்திலிருந்து நாங்கள் ஒருவரையொருவர் கொம்பாத்ரே என்றே கூப்பிட்டோம். யஸ்னாவை முதன்முதலில் சேணத்தில் தூக்கி வைத்ததும் இந்தக் கைதான்.

போன வருஷம் மே மாதம் எங்கள் குதிரைக்காரர் கிளப்பில் விருந்து. ஆட்டுக்கறி சுட்டு, ஆப்பிளில் இறக்கிய சிச்சாக் கள் ஓடிக்கொண்டிருந்தது. எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரோஸமேல் எழுந்து நின்று, இந்த வருஷப் போட்டியில் தன் மகளோடு ஜோடி சேர்ந்து ஓட்டப்போவதாகச் சொன்னான். எனக்கு அதுவரை அவன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. நான் எலும்பைக் கையில் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்.

"தப்பா எடுத்துக்காதீரும் கொம்பாத்ரே," என்றான் என்னைப் பார்த்து. "உமக்கும் முட்டி முன்ன மாதிரி இல்ல. ஒரு வருஷம் காலை நீட்டி உக்காந்து வேடிக்கை பாருமேன்."

"நிபால்தோவுக்கு வேலையா இல்ல?" என்று மேசைக் கோடியிலிருந்து ஒருவன் என்னைக் காட்டிச் சொன்னான். "வாசல்ல நின்னு கன்னுக்குட்டி எண்ணட்டும். அதுக்கு முட்டி வேணாமே."

எல்லோரும் சிரித்தார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, நானும் பிறரைப் பார்த்து அப்படிச் சிரித்தவன்தான். ஆனால் ரோஸமேலும் சிரித்தான். வாயைத் துடைத்துக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தான். என் நெஞ்சு வலித்தது, சார்ஜென்ட். ஒரு வயது வந்த ஆள் இப்படிச் சொல்லக்கூடாது, ஆனால் வலித்தது.

இதைவிட ஒன்று கேளுங்கள். வெளியே வந்ததும் என் தோளில் கை போட்டு, "முர்தா வழக்கம்போல உம்ம லாயத்துலதானே? உம்ம தரை மாதிரி காஞ்ச தரை இந்த ஜில்லாவுலயே இல்ல," என்றான். நான் வேண்டாம், ஆனால் என் தரை வேண்டும். சரி என்றேன். அவன் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை.

ஜூன் முதல் வாரத்தில் முர்தாவின் அறையில் பின்சுவர்த் துவாரத்தை அடைத்தேன். பழைய கோணிச் சாக்கைச் சுருட்டிச் செருகி, வெளிப்பக்கம் களிமண்ணால் பூசினேன். மற்ற அறைகளை ஒன்றும் செய்யவில்லை.

எங்கள் ஊரில் குதிரைக்காரன் படுக்கையைப் பார்க்கும் விதம் ஒன்று உண்டு. கையால் தொடமாட்டான், வைக்கோலில் ஒரு முழங்காலை ஊன்றி, உடல் பாரத்தை இறக்கி, எழுந்து கால்சட்டையைப் பார்ப்பான். முழங்கால் காய்ந்திருந்தால் தரை காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சின்ன வயதிலிருந்து இப்படித்தான் பழக்கம். அதற்கு மேல் யாரும் தோண்டிப் பார்ப்பதில்லை. நம்புகிற ஆளின் லாயத்தில் தோண்டிப் பார்த்தால் அது அவமரியாதை. ரோஸமேல் ஒவ்வொரு ஞாயிறும் வந்து முழங்காலை ஊன்றினான். நான் ஈர வைக்கோலை அள்ளி வெளியே போடாமல், அதன் மேலேயே காய்ந்ததைப் போட்டுக்கொண்டு வந்தேன். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று பலரும் அப்படிச் செய்வது உண்டு. நான் கொஞ்சம் கனமாகப் போட்டேன். நாற்றத்துக்குச் சுண்ணாம்பு. குளம்புக்கு அடியில் தார் பூசினேன்; மழைக்காலத்தில் எல்லோரும் பூசுவதுதான். தார் எல்லாவற்றையும் ஒரே கறுப்பாக்கிவிடும்.

"முழங்கால்ல ஒரு சொட்டு இல்ல," என்பான் ரோஸமேல். "நீரு இல்லாட்டி நான் என்ன பண்ணுவேன், கொம்பாத்ரே?"

நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

என் எண்ணத்தில் கெடுதல் எதுவும் இல்லை. முர்தா நொண்ட வேண்டும், அவ்வளவுதான். அவள் நொண்டினால் ரோஸமேல் என் குதிரை கொய்வேயைக் கேட்டு வருவான். கொய்வே என்னைத் தவிர யாரையும் முதுகில் வைத்துக்கொள்ளாது. ஆகவே நானும் வர வேண்டியிருக்கும். ஓய்வும் சிகிச்சையும் கொடுத்தால் முர்தாவுக்கும் சரியாகிவிடும். யாருக்கும் நஷ்டமில்லாத ஏற்பாடு.

ஆனால் முர்தா நொண்டவில்லை. சில குதிரைகள் அப்படி, வலியை வெளியே காட்டிக்கொள்ளாது. காலை மாற்றி மாற்றி ஊன்றி நிற்பாள், என்னைக் கண்டால் மூக்கை நீட்டுவாள்.

செப்டம்பரில் லாடம் மாற்ற அவுதீலியோ வந்தார். நீங்கள் இரண்டு தடவை கூப்பிட்டு விசாரித்தீர்களே, அதே அவுதீலியோதான். முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னய்யா இது, ஆணி வெண்ணெயில எறங்குற மாதிரி எறங்குது? தரையில ஈரமா?"

"இந்த வருஷ மழைக்கு எந்தக் குதிரைக்குத்தான் ஈரமில்ல, அவுதீலியோ?"

"இவள இப்போதைக்கு ஓட்டக்கூடாது. குளம்பு வளர்ந்து கெட்டியாகட்டும். ரோஸமேல் கிட்ட நான் சொல்லட்டா?"

"நீ எதுக்கு அலையற? ஞாயித்துக்கெழமை வருவான், நானே சொல்லிடறேன்."

நான் சொல்லவில்லை. அவுதீலியோ உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. நான் அதை மறுத்ததும், அவர் லாடம் அடித்த லட்சணம்தான் காரணம் என்று ஊர் அவர் வீட்டுக் கண்ணாடியில் கல்லெறிந்ததும் எனக்குச் சங்கடமான விஷயங்கள்தான்.

போட்டிக்கு முந்தைய வாரம் யஸ்னா வந்தாள். கையில் உருளைக்கிழங்கு அடை, இன்னும் சூடாக. அடுப்பருகில் உட்கார்ந்து பூட்ஸைக் காய வைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஞானப்பா, ஒரு மாத்தம். அப்பா எங்க இன்னொரு குதிரை, அந்தச் செவலையில விரட்டுறாராம். முர்தாவ நான்தான் எடுத்துட்டுப் போய் மறிக்கப்போறேன். கோவமா என்மேல?"

"உன்மேல எனக்கென்னம்மா கோவம்?"

"அப்போ ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? சிரிங்க கொஞ்சம். நான் விழுந்தா நீங்க சொல்லிக்குடுத்த லட்சணம்தான்னு ஊர் உங்களத்தான் ஏசும்."

அவள் முர்தாவை ஓட்டிக்கொண்டு வெளியே போனதும் நான் அந்த அறைக்குள் போனேன். இதையும் எழுதிக்கொள்ள வேண்டும். அடைப்பை எடுக்கத்தான் போனேன். வைக்கோலை ஒதுக்கினேன், அடியில் எல்லாம் கறுப்புச் சேறு. தோள்வரை கையை விட்டுச் சாக்கின் நுனியைப் பிடித்துவிட்டேன். அப்போது வெளியே பயிற்சி மைதானத்திலிருந்து, அங்கே அவளுக்காகக் காத்திருந்த ரோஸமேலின் குரல் கேட்டது. "ஒட்டு, ஒட்டு, இப்போ." என் வார்த்தைகள். அதே இழுப்பு, அதே இடைவெளி. அவள் சிரித்தாள், அவனும் சிரித்தான். இருபது வருஷம் என் தொண்டையில் இருந்ததை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டான், ஒரு பழைய சட்டையைக் கொடுக்கிற மாதிரி.

கையை வெளியே எடுத்துக்கொண்டேன். சாக்கு உள்ளேயே இருந்தது. வைக்கோலைப் பழையபடி பரப்பி, கை கழுவி, அவள் கொண்டுவந்த அடையைச் சாப்பிட்டேன்.

போட்டியன்று மழை விட்டிருந்தது. அரைநிலா என்று நாங்கள் சொல்லும் போட்டிக் களத்தில் நல்ல கூட்டம். குதிரையை உள்ளே கொண்டுபோகும் வாசலில் நான் நின்றிருந்தேன். கன்றுக்குட்டிகளை யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. யஸ்னா முர்தாவை நடத்திக்கொண்டு வந்தாள்.

"ஞானப்பா, இவ ஒரு மாதிரி நடக்கிறாளே. கால எடுத்து எடுத்து வைக்கிறா. பாத்தீங்களா?"

பார்த்தேன். முன்னங்கால் லாடம் ஒரு பக்கம் லேசாக எழும்பியிருந்தது. இன்னும் ஓர் ஓட்டம் தாங்கும், அல்லது தாங்காது.

"கூட்டத்தப் பாத்துக் கூச்சப்படுறா. நீ பயப்படாம போ," என்றேன்.

வயிற்றுவாரை நானே இறுக்கினேன். யஸ்னாவின் நெற்றியில் சிலுவை போட்டேன். அவள் என் கையை முத்தமிட்டுவிட்டுப் போனாள். ஒரு கன்று நல்லபடியாக முடிந்தது. அடுத்ததை மறிக்கத் திரும்பியபோது லாடம் தெறித்து வேலியில் பட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. முர்தா முன்னால் மடிந்தாள். யஸ்னா அவளுக்கும் சுவருக்கும் நடுவே. பின்னால் முழு வேகத்தில் செவலையில் ரோஸமேல். அவனால் நிறுத்த முடியவில்லை. மகள்மேல் ஏறியது அவன் குதிரைதான். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, நடந்தது அது.

யஸ்னா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டாள். முர்தாவுக்கு அங்கேயே உயிர் போகிற ஊசி போட்டார்கள். அந்தக் குதிரையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் அழுதேன். யஸ்னாவுக்காக அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் திருத்தவில்லை.

சவ அடக்கம் முடிந்து ரோஸமேல் நேராக என் வீட்டுக்கு வந்தான். தன் வீட்டில் இருக்க முடியவில்லை என்றான். என் அடுப்பருகில் கட்டில் போட்டுக் கொடுத்தேன். மாட்டுக்கறி வேகவைத்து ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தேன். அவன் தூக்கத்தில் கத்தினால் எழுந்து போய்த் தோளைப் பிடித்துக்கொள்வேன். "உம்மைத் தவிர எனக்கு யாரு இருக்கா, கொம்பாத்ரே?" என்றான் ஒரு நாள். கோடை முழுக்க, இந்தக் குளிர்காலமும் முக்கால்வாசி, அப்படியே போயிற்று. மறைக்காமல் சொல்கிறேன், என் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான காலம் எனக்கு வாய்த்ததில்லை. வசந்தம் வந்ததும் பழையபடி இரண்டு பேரும் ஓட்டலாம் என்று சொன்னேன். அவன் பதில் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அவனுக்காக ஒரு குதிரைகூடப் பார்த்து வைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அவன் என் முன்னால் நின்று, செவலையையும் நிலத்தையும் விற்றாயிற்று, வியாழக்கிழமை பஸ்ஸில் வடக்கே அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றான்.

"இனி குதிரை மூஞ்சியில முழிக்க மாட்டேன்," என்றான். "கோவிச்சுக்காதீரும். உம்மப் பாத்தாலும் அவ ஞாபகம்தான் வருது."

இது இரண்டாவது முறை, சார்ஜென்ட். முதல் முறையாவது ஊர் முன்னால் சொன்னான். இந்தத் தடவை எல்லாவற்றையும் எனக்குத் தெரியாமல் முடித்துவிட்டு, கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து சொல்கிறான். நான் அவனுக்கு என்ன குறை வைத்தேன்?

மனசாட்சி உறுத்தியதால் வந்தேன் என்று போட்டுக்கொள்வதானால் போட்டுக்கொள்ளுங்கள், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான். இன்று செவ்வாய். பஸ் புறப்படுவதற்குள் அவனைக் கூப்பிட்டு நான் சொன்னதையெல்லாம் சொல்லுங்கள். பிறகு அவன் எங்கே போவான்? விசாரணை, வழக்கு, சாட்சி என்று வருஷக்கணக்கில் இந்த ஊரிலேயே இருக்க வேண்டிவரும். ஒவ்வொரு தடவையும் என் எதிரில்தான் வந்து உட்காருவான். இந்த ஊரில் அவனை விட்டுப் போகாதவன் நான் ஒருத்தன்தான் என்று அப்போதாவது அவனுக்குப் புரியும்.