கிழக்குக்கு வழி இல்லை

விசாரணை அறை என்றாலும் இந்த நாற்காலி வசதியாக இருக்கிறது, சார். எங்கள் அலுவலகத்தில் இப்படி ஒன்று கேட்டுக் கேட்டு என் நாக்கே தேய்ந்துவிட்டது.

ஆம்புலன்ஸ் சேவையின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்கிறவன் நான். யாராவது உதவிக்கு அழைத்தால் பக்கத்து நிலையத்துக்குத் தகவல் போக வேண்டும். எந்த நிலையத்துக்கு எந்த வழி என்பதை ரவுட்டர் தன் மெமரியில் வைத்திருக்கும். அண்டை ரவுட்டர்கள் ஓயாமல் வழி சொல்லிக்கொண்டே இருக்கும். இதுவும் புது மருமகள் மாதிரி தலையாட்டி எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளும். மெமரி நிரம்பினால் ஒருநாள் மொத்தமாகப் படுத்துவிடும்.

நிரம்பப்போகிறது என்று டைரக்டரிடம் சொன்னேன். டைரக்டர் வேறு யாருமில்லை, என் தங்கை புருஷன். என் சிபாரிசில் வேலைக்கு வந்தவர். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இவர் பிழைத்ததோடு நிற்காமல் என் தலைமேலேயே ஏறி உட்கார்ந்தார்.

கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “மச்சான், ரவுட்டருக்கும் வயசாகுது, உங்களுக்கும் வயசாகுது. ரெண்டு பேரும் இருக்கிற மெமரிய வச்சு ஒப்பேத்துங்க. வேண்டாதத மறந்துடுங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மேலதிகாரி நகைச்சுவை சொன்னால் சிரிப்பதும் வேலையில் சேர்த்திதானே.

ஒப்பேற்றினேன். ரவுட்டர் ஏற்கும் வழிகளுக்கு உச்சவரம்பு வைத்தேன். நல்ல வழக்கம்தான், எந்தப் புத்தகத்திலும் இருக்கும். வரம்பு என்றால் எதையாவது தள்ளத்தானே வேண்டும்? கிழக்கு நிலையத்தைத் தள்ளினேன். மாப்பிள்ளை அப்போதுதான் ரிப்பன் வெட்டித் திறந்துவைத்தது. தள்ளிய வழிகளுக்கும் ரவுட்டர் ஒரு நகல் வைத்துக்கொள்ளும்; இடம் மிச்சம் பிடிக்க அதையும் நிறுத்தினேன். பின்னால் யார் தோண்டினாலும் ஒன்றும் கிடைக்காது என்பது கொசுறு.

அதற்கப்புறம் கிழக்கு வண்டிகள் துடைத்துவைத்த பாத்திரம் போலப் பளபளவென்று நின்றன. தகவல் மட்டும் போகவில்லை. அந்த நிலையத்தின் தொலைபேசிக்கும் அதே ரவுட்டர்தான் வழி. பதில் வராததால் ஆபரேட்டர் பெண் மேற்கிலிருந்து வண்டி அனுப்புவாள். அது ஊரைக் குறுக்கே கடந்து போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் அவசரம் தீர்ந்திருக்கும். ஒரு தையல்காரர். ஒரு நிறைமாதக் கர்ப்பிணி. இன்னும் சிலர்.

கிழக்கு டிரைவர்கள் தூங்குகிறார்கள் என்று மாப்பிள்ளை இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார். மற்றவர்களின் செல்போன்களைப் பிடுங்கிப் பூட்டிவைத்தார். கோளாறு ரவுட்டரில் இருக்குமோ என்று மட்டும் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் என் அறைக்கு வந்திருப்பார். கதவைத் திறந்தேதான் வைத்திருந்தேன்.

போன வாரம் ஒரு மத்தியானம் ஆபரேட்டர் பெண் ஓடி வந்தாள்.

“சார், உங்க தங்கச்சிதான் கூப்பிட்டாங்க. நெஞ்ச அடைக்குதாம், மூச்சு விட முடியலையாம். கிழக்குல யாரும் பதில் தர மாட்டேங்கறாங்க.”

“பதறாதம்மா. மேற்கிலேர்ந்து அனுப்பு.”

“அவ்ளோ தூரம் தாங்குவாங்களா சார்?”

அவள் போனதும் மாப்பிள்ளையின் போன் வந்தது. வெளியூரில் ஏதோ மாநாட்டில் இருந்தார். பேச்சைவிட அழுகைதான் அதிகம் வந்தது. “மச்சான், ஏதாவது பண்ணுங்க மச்சான்.”

ஒரே ஒரு கட்டளை, சார். அடித்திருந்தால் கிழக்குக்கு உடனே வழி கிடைத்திருக்கும். வண்டி தங்கை வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் நின்றது. விரல்கூட கீபோர்டின் மேல்தான் இருந்தது. அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரட்டும் என்று பொறுமையாகக் காத்திருந்தேன். ‘அன்னிக்கு நீங்க சொன்னதுதான் சரி, மச்சான்.’ அவ்வளவுதான்.

சொல்லவே இல்லை. என் தங்கைமேல் அந்த மனுஷனுக்குக் கொஞ்சமாவது பாசம் இருந்திருந்தால் சொல்லியிருப்பார்.